வெண்ணெயும் சீப்பும்

போன டிசம்பரில் கோவையில் ஓர் இலக்கியக் கூட்டம். பேச வேண்டியதெல்லாம் பேசி முடித்துக் கீழே இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தோம். நான் மதிக்கிற ஒரு மூத்த எழுத்தாளர் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கேட்டேவிட்டார். “உனக்கு நேர்முடிதானேம்மா? நல்லா நீளமா தொங்குமே. எதுக்கு இந்த வெள்ளைக்காரி வேஷம்?”

பக்கத்தில் நின்ற தம்பி அவருக்கு எடுத்துக் கொடுத்தார். “கார்ப்பரேட் வேலை சார். சுருட்டையா இருக்கிறவங்களை நேராக்கச் சொல்லுவான், நேரா இருக்கிறவங்களைச் சுருட்டச் சொல்லுவான். ரெண்டு பக்கமும் காசு.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். பதில் வரவில்லை. மேட்டுப்பாளையம் தாண்டி பஸ் 14 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. எனக்கு எப்போதும் மலை ஏறின பிறகுதான் வாய் திறக்கும். இந்தக் கட்டுரை அந்த பதில்தான்.

முதலில் அந்தத் தம்பி சொன்னது பாதி உண்மை என்று ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்குத் தொழிலே அதுதான். குன்னூரில் கல்யாண மேக்கப் செய்கிறேன். கடை கிடையாது, வீட்டில் ஒரு அறை, ஒரு பெரிய கண்ணாடி, பெட்டி நிறைய கிளிப்பும் பின்னும். கெரட்டின் ட்ரீட்மென்ட், ஸ்மூத்தனிங், கர்லிங் எல்லாவற்றுக்கும் ஏஜென்ட்டுகள் வந்து பேசுகிற பேச்சைத் தினமும் கேட்கிறவள் நான். யாருடைய முடியும் இருக்கிறபடி இருந்தால் அவர்களுக்குப் பிழைப்பு இல்லை. இதில் சண்டை போட எதுவும் இல்லை.

என் சண்டை ‘வேஷம்’ என்ற வார்த்தையோடும், அதில் இருக்கிற ‘வெள்ளைக்காரி’யோடும்தான்.

அதற்கு முன்னால் நான் வீட்டில் எப்படிச் சுருட்டுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இதைப் பற்றிக் கருத்துச் சொல்கிற ஆண்கள் ஒருவருக்கும் அது எப்படி நடக்கிறது என்று தெரியாது. நேர்முடி பிடிவாதமான ஜாதி. அன்றைக்கே அலசின முடி வழுக்கும், எதிலும் நிற்காது. முந்தின நாள் அலசியிருந்தால் கொஞ்சம் பிடிப்பு இருக்கும். லேசாக ஈரம் காட்டி, பழைய பருத்திப் புடவையை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்த பட்டைகளில் பிரிவு பிரிவாகச் சுற்றி, முடிச்சுப் போட்டு, அப்படியே படுத்துவிட வேண்டும். காலையில் அவிழ்த்தால் சுருள். இவ்வளவுதான் விஷயம். ஆனால் மலையில் இது இவ்வளவு சுலபம் இல்லை. ஜனவரியில் ராத்திரி முழுக்கக் கட்டி வைத்தாலும் விடியற்காலையில் தொட்டால் உள்ளே சில்லென்று ஈரம் நிற்கும். காயாத முடியை அவிழ்த்தால் சுருள் பத்து நிமிஷம்கூடத் தாங்காது. அதனால் நான் விறகடுப்புப் பக்கம் தலையைக் காட்டி உட்கார்ந்திருப்பேன். முடியில் புகை வாசம் ஏறும். அம்மா திட்டுவாள்.

இதன் விஞ்ஞானம் பத்தாம் வகுப்புப் பாடம்தான். முடி என்பது கெரட்டின் என்கிற புரதம். அதன் இழைகளைப் பிடித்துவைத்திருக்கும் பிணைப்புகளில் ஒருவகை ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணீர் பட்டால் விட்டுப்போகும், காயும்போது எந்த வளைவில் இருக்கிறதோ அந்த வளைவிலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும். மறுபடி ஈரம் பட்டால் மறுபடி விட்டுப்போகும். பார்லரில் ‘பெர்ம்’ செய்யும்போது உடைக்கிறது வேறு, கந்தகப் பிணைப்பு. அது மருந்து போட்டு உடைத்து, மருந்து போட்டே ஒட்டவைப்பது. தண்ணீருக்கு அசையாது. வீட்டில் நாம் விளையாடுவது முதல் வகையோடு மட்டும். குன்னூரில் மூடுபனி ஜன்னல் வழியாகவே உள்ளே வந்து உட்காரும் ஊர். 180 டிகிரி டாங்கில் சுட்டுச் சுட்டு எடுத்த சுருள், வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு போவதற்குள் பழையபடி நூலாகிவிடும். பனித்துளி ஒவ்வொன்றும் அந்தப் பிணைப்புக்கு எதிரி. கீழே சமவெளியில் யூடியூபில் பாடம் நடத்துகிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியாது.

ஆனால் இந்த மலையில் ஒரு கூட்டத்துக்குத் தெரிந்திருந்தது.

தோடர் பெண்களைச் சொல்கிறேன். ஊட்டிக்கு வந்துபோன எல்லோரும் அவர்களைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். சிவப்பும் கறுப்புமாக நூல் வேலை செய்த வெள்ளைப் போர்வை, தோளில் விழுகிற நீண்ட சுருள்கள். அந்தச் சுருள்களைப் பார்த்து எல்லோரும் நினைப்பது ஒன்றுதான்: “இவங்களுக்கு இயற்கையாவே இப்படி.” இல்லை. அது போடப்பட்ட சுருள். முடியைச் சின்னச் சின்னப் பிரிவாக எடுத்து, வெண்ணெய் தடவி, விரலிலோ குச்சியிலோ முறுக்கிச் சுற்றி, இறக்கி, அடுத்த பிரிவுக்குப் போவது. பள்ளிக்கூட நாளில் ஒரு மந்துக்குப் போயிருந்தபோது ஒரு பாட்டி இதைச் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கண்ணாடி இல்லை, அவசரமும் இல்லை. பேத்தியின் தலை அவர் மடியில். பேச்சு பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, விரல் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

தொழில்காரியாக யோசித்தால் அந்த வெண்ணெய் எவ்வளவு சரியான பொருள் என்று பின்னால்தான் புரிந்தது. தேங்காய் எண்ணெய் சுமார் 24, 25 டிகிரியில் உருகும். ஊட்டியில் வருஷத்தில் பாதி நாள் அது பாட்டிலில் கல்லாகக் கிடக்கும், சுட வைத்தால்தான் வரும். வெண்ணெய் கையில் வைத்து இரண்டு தேய் தேய்த்தால் உடம்புச் சூட்டுக்கு இளகும். முடியில் ஏறினதும் 2,200 மீட்டர் உயரத்துக் குளிருக்கு மறுபடி இறுகும். பார்லரில் நாங்கள் ‘ஹேர் வாக்ஸ்’ என்று டப்பாவில் வாங்குகிற பொருள் செய்யும் வேலையும் இதேதான். அது மட்டுமில்லை, கொழுப்புப் பூச்சு இருக்கிற முடிக்குள் பனி சுலபத்தில் நுழையாது. என் டாங் தோற்கிற இடத்தில் எருமை வெண்ணெய் ஜெயிக்கிறது. இதையே கோவையில் மே மாதம் செய்து பாருங்கள், கழுத்து வழியாக ரவிக்கைக்குள் ஒழுகும். அந்த அந்த ஊர்க் குளிருக்கு அந்த அந்த ஊர்க் கைவேலை. (ஒரு எச்சரிக்கை: வெண்ணெயோ எண்ணெயோ தடவின முடியில் டாங்கை வைத்துவிடாதீர்கள். சுருளாது, பொரியும்.)

இப்போது ‘வெள்ளைக்காரி’க்கு வருகிறேன். பாரிஸில் மார்செல் கிராட்டோ என்ற முடிதிருத்துகிறவர் சூடான இடுக்கியால் முடியில் அலை எழுப்பும் முறையைக் கண்டுபிடித்தது 1872 வாக்கில் என்று அழகுக்கலை வரலாறு சொல்லும். எங்கள் கோர்ஸிலேயே அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு அடுத்த வருஷம், 1873-இல், வில்லியம் மார்ஷல் என்கிற ராணுவ அதிகாரி ஒரு புத்தகம் வெளியிட்டார். தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘தோடர்களிடையே ஒரு மண்டையோட்டு ஜோசியர்’ என்று வரும். மண்டை மேடு பள்ளத்தைத் தடவிப் பார்த்துக் குணம் சொல்கிற ‘ஃபிரெனாலஜி’ என்கிற அபத்தத்தை விஞ்ஞானம் என்று நம்பிக் கிளம்பி வந்தவர். அந்தக் காலத்து ஊட்டிப் படங்களில் தோடர் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், தோளில் சுருள் சுருளாக. மார்செலின் இடுக்கி பாரிஸையே இன்னும் தாண்டியிருக்காது. இங்கே வெண்ணெயில் போட்ட சுருளோடு போட்டோவுக்கு உட்கார்ந்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் வந்தவர் கார்ல் நெஸ்லர். ஜெர்மனியில் பிறந்து, லண்டனில் கடை வைத்து, கலையாத சுருளைக் கண்டுபிடித்தவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். சூடாக்கின உருளைகளைக் கதரீனா என்ற பெண்ணின் தலையில் மாட்டிப் பரிசோதித்தார். முடி கருகிப்போனது, தலைத்தோலும் வெந்தது. பிறகு அவரைத்தான் கல்யாணம் செய்துகொண்டார். அவர் பூசின கரைசலில் மாட்டு மூத்திரமும் உண்டு என்று சொல்வார்கள். வெள்ளைக்காரி வேஷத்தின் பூர்வீகம் இது. மாடும் எருமையும் இல்லாமல் யாருக்கும் சுருள் விழவில்லை போல.

இதைச் சொன்னதும் ஒரு கூட்டம் கிளம்பும் என்று தெரியும். “பார்த்தியா, எல்லாம் நம்மகிட்டதான் முதல்ல இருந்துச்சு!” அந்தக் கட்சியில் என்னைச் சேர்க்காதீர்கள். அது ‘நம்மிடம்’ இருக்கவே இல்லை. தோடர்களிடம் இருந்தது. 2011 கணக்கெடுப்புப்படி சுமார் இரண்டாயிரம் பேர்தான் இருக்கிற ஒரு சமூகத்தின் கைவேலையை, ஆறேழு கோடிப் பேர் ‘நம்ம பாரம்பரியம்’ என்று தூக்கித் தோளில் போட்டுக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த ‘நாம்’ அவர்கள் சுருளை என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். அதைக் கடைசியில் சொல்கிறேன். கொஞ்சம் தைரியம் வரட்டும்.

தமிழுக்குள்ளேயே தேடினாலும் மூத்த எழுத்தாளருக்கு ஆதரவு கிடைக்காது. கூந்தலை ‘ஐம்பால்’ என்கிறோம். ஐந்து விதமாக முடிக்கப்படுவது என்று உரைகாரர்கள் பிரித்துச் சொல்வார்கள்: குழல், கொண்டை, சுருள், பனிச்சை, முடி. இந்தப் பட்டியலில் சுருள் பிறவிக் குணமாக வரவில்லை, கொண்டை மாதிரி கையால் செய்கிற ஒன்றாக வருகிறது. ஆற்று மணலில் தண்ணீர் வடிந்த பிறகு நிற்கிற நெளிவை, ‘அறல்’ என்று சொல்லிச் சொல்லிக் கூந்தலுக்கு உவமை ஆக்கினவர்கள் நேர்முடியை மட்டும் அழகு என்று நினைத்திருப்பார்களா?

இயற்கையா செயற்கையா என்கிற இந்த வழக்குக்குத் தமிழில் பெரிய கேஸே நடந்திருக்கிறது. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா? சிவபெருமான் உண்டு என்றார், நக்கீரர் இல்லை என்றார், பூவும் சாந்தும் சேர்வதால் வருகிற மணம்தான் என்றார். 1965-இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் அந்தக் காட்சியைப் பார்க்காத தமிழர் குறைவு. நெற்றிக்கண்ணைக் காட்டின பிறகும் நக்கீரர் பின்வாங்கவில்லை என்று கைதட்டினோம். தைரியத்துக்குத்தான் கைதட்டினோமே தவிர, அவர் சொன்ன விஷயத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. விஷயம் ரொம்பச் சாதாரணமானது. கூந்தல் அழகு என்பது உழைப்பு. யாரோ பூப் பறித்தார்கள், யாரோ சாந்து அரைத்தார்கள், யாரோ கட்டிவிட்டார்கள். ‘இயற்கை அழகு’ என்று சொல்லும்போது அந்த வேலை முழுக்கக் காணாமல் போகிறது. நான் நக்கீரர் கட்சி. ‘அந்தப் பெண்ணுக்கு இயல்பாகவே நீளமான, கறுத்த, நேரான கூந்தல்’ என்று கதைகளில் எழுதுகிற ஆண்களைக் கேட்கிறேன்: அந்தக் கூந்தலுக்குச் சீயக்காய் அரைத்தது யார்? சிக்கு எடுத்தது யார்? ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் போனது யாருடையது?

என் அம்மா கொழுந்து பறித்தவள். பாட்டி 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் நீலகிரிக்கு வந்து சேர்ந்தவள். ஊரில் எங்களுக்கு இன்றைக்கும் ‘சிலோன்காரங்க’ என்றுதான் பெயர். அம்மாவின் முடியை நான் அவிழ்த்துப் பார்த்ததே அபூர்வம். எண்ணெய் வழிய வாரி, இறுக்கிக் கொண்டை போட்டு, அதற்கு மேல் துணி. தூறலிலும் பனியிலும் கூடைக் கயிறு நெற்றியில் அழுத்த நாள் முழுக்க நிற்பவளுக்கு வேறு எந்த முடியும் சரிப்படாது. அம்மாவின் நேர்முடி இயற்கை என்றால் அது எஸ்டேட்டின் இயற்கை. நான் முதல் முறை துணிப் பட்டையில் சுருட்டிக் காட்டியபோது அவள் வேஷம் என்று சொல்லவில்லை. தொட்டுப் பார்த்து, இழுத்து விட்டு, அது மறுபடி சுருண்டுகொள்வதைப் பார்த்துச் சிரித்தாள். “ஸ்பிரிங் மாதிரி இருக்கு பாப்பா” என்றாள். அப்புறம், “எனக்கு ஒரு நாள் போட்டு விடறியா?” என்றாள். லீவு நாளில் போட்டுவிட்டேன். அன்று முழுக்க அவள் வெளியே போகவில்லை, யாராவது பார்த்துவிடுவார்கள் என்று. ஆனால் சாயங்காலம் வரை அவிழ்க்கவும் இல்லை.

இதைத்தான் அந்தத் தம்பியின் ‘கார்ப்பரேட்’ விளக்கம் பார்க்காமல் விடுகிறது. புடவை கிழித்த பட்டைக்கு எந்தக் கம்பெனி காசு வாங்கியது? இப்போது ‘ஹீட்லெஸ் கர்ல்’ என்று சாட்டின் சுற்றின குச்சியை ஆன்லைனில் விற்கிறார்கள், ஏதோ நேற்று ராத்திரி கண்டுபிடித்தது மாதிரி. விற்கிறவன் விற்கட்டும். ஒரு பெண் தன் முடி வேறு மாதிரி இருந்தால் எப்படி இருக்கும் என்று ராத்திரி உட்கார்ந்து பார்ப்பதை அந்தக் குச்சியோடு சேர்த்து விலைச்சீட்டு ஒட்டாதீர்கள்.

இன்னொரு பக்கத்திலிருந்து வருகிற அடியும் உண்டு. சுருட்டை முடிக்காரப் பெண்கள், சின்ன வயதிலிருந்து ‘பரட்டை’ என்று திட்டு வாங்கி, ஸ்ட்ரெய்ட்டனிங் செய்து முடியைக் கெடுத்துக்கொண்டு, இப்போதுதான் தன் சுருளைத் தானே விரும்பக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் சிலர் கேட்கிறார்கள்: “நாங்க பட்டதெல்லாம் பட்டோம், நீங்க சும்மா ஃபேஷனுக்குப் போட்டுட்டு ஞாயித்துக்கிழமை கழுவிடறீங்க.” இந்தக் கோபத்தை என்னால் சிரித்துத் தள்ள முடியவில்லை. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்குத் தீர்வு, அவரவர் பிறந்த முடியோடு அவரவர் இருங்கள் என்பதா? அப்படியானால் மண்டையைத் தடவ வந்த மார்ஷலுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? உடம்பைப் பார்த்து இவர் இன்னார் என்று எழுதிவைப்பதுதான் அவர்கள் செய்ததும். தோடர்களின் மூக்கையும் தாடியையும் உயரத்தையும் பார்த்துவிட்டு ரோமானியர் என்றார்கள், யூதர்களின் காணாமல் போன கோத்திரம் என்றார்கள், சுமேரியாவரைக்கும் கூட்டிக்கொண்டு போனார்கள். எட்கர் தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்திலிருந்து அளவுகோலோடு வந்து மூக்கையும் தலையையும் அளந்தார். 1906-இல் வந்த ரிவர்ஸின் புத்தகம் 700 பக்கத்துக்கு மேல். அவரும் அளந்தவர்தான், ஆனால் அவர் உட்கார்ந்து குடும்ப வரிசையையும் சடங்கையும் பெயர் பெயராகக் கேட்டு எழுதினார், அந்த மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். இத்தனை அளவிலும், சுருள் போட்டுவிட்ட கைக்கு ஒரு அத்தியாயம் எழுத யாருக்கும் தோன்றவில்லை.

தோடர் வாழ்க்கையை நான் சொர்க்கமாக்கிக் காட்டவும் மாட்டேன். எருமையும் பால்மனையும் அங்கே புனிதம், அந்தப் புனிதத்துக்குள் பெண்ணுக்கு இடம் இல்லை. கறப்பதும் கடைவதும் ஆண்கள் வேலை. பெண்கள் பால்மனைப் பக்கம் போகக் கூடாது. அங்கிருந்து வருகிற வெண்ணெய் மட்டும் அவள் தலைக்கு வரலாம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுருள் இன்னும் பெரிசாகத் தெரிகிறது. அவளுக்கு விட்டுவைக்கப்பட்ட வெண்ணெயில் அவள் என்ன செய்திருக்கிறாள் பாருங்கள். அப்புறம் அந்த வெண்ணெயே குறைந்தது. எருமை மேய்ந்த புல்வெளியில் தேயிலை வந்தது, கற்பூர மரம் வந்தது, சீகை வந்தது, உருளைக்கிழங்குத் தோட்டம் வந்தது. எங்கள் லைன் வீடு நிற்கிற இடமும் ஒரு காலத்தில் புல்லாகவோ சோலையாகவோ இருந்த இடம்தான். இதை எழுதும்போது அந்தத் தேயிலையைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்குத் தோடர் பெண்களில் பலர் தினமும் சுருள் போடுவதில்லை. கல்யாணம், விசேஷம் என்றால் போடுகிறார்கள். மற்ற நாளில் எல்லோரையும் போலப் பின்னலோ கிளிப்போ. ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு மேலே இருக்கிற மந்துக்கு ஏறிப்போய், “ஏன் சுருள் இல்லை?” என்று ஏமாற்றத்தோடு திரும்புகிற சுற்றுலாப் பயணிகளைப் பார்த்திருக்கிறேன். காசு கொடுத்து வந்திருக்கிறார்கள், மியூசியம் திறந்திருக்க வேண்டாமா! ஒரு காலத்தில் ஊட்டியிலேயே இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை இருந்தது. ஃபிலிமும் இங்கேயே, படம் பிடிக்கப்படுகிறவர்களும் இங்கேயே. ஆலை மூடிவிட்டது, படம் பிடிப்பது நிற்கவில்லை.

போன வருஷம் ஒரு கல்யாணப் பெண் வந்தாள், கீழ்நாட்டுப் பெண். ப்ரீ வெட்டிங் ஷூட்டுக்கு ‘ட்ரைபல் லுக்’ வேண்டும் என்றாள். போட்டோகிராபர் ஒரு பூத்துக்குளிப் போர்வையும் வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார். நான் சுருள் போட்டுக் கொடுத்தேன். அதில் எனக்குத் தயக்கம் வரவில்லை. சுருள் எல்லாத் தலைக்கும் போகலாம். போர்வையை மட்டும் வேண்டாம் என்றேன். 2013-இல் அந்தத் தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, அதை ஊசியால் இழை எண்ணி எண்ணிச் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், விலைக்கு வாங்கிப் போர்த்திக்கொள்ளலாம், அது வேறு. ஆனால் அந்தப் போர்வையில்தான் அவர்கள் இறந்தவர்களையும் சுற்றி அனுப்புகிறார்கள். “இது சாவுக்கும் போர்த்தறதுங்க” என்று சொன்னேன். அந்தப் பெண் உடனே கழற்றிவிட்டாள். மரியாதையால் இல்லை, பயத்தால். நானும் அதை எதிர்பார்த்துத்தான் சொன்னேன். வாதாடி ஜெயிக்கிற அளவுக்கு எனக்கு நேரமில்லை, ஒன்பது மணிக்கு லைட் போய்விடும் என்று போட்டோகிராபர் கத்திக்கொண்டிருந்தார்.

சரி, தள்ளிப்போட்டதற்கு வந்துவிடுகிறேன்.

ஏழாம் வகுப்பு. ஊட்டியில் ஒரு பள்ளி, பெயர் வேண்டாம். நான் ஹாஸ்டல். என்னோடு ஒரு தோடர் பெண்ணும் ஹாஸ்டல். என் பக்கத்துக் கட்டில். விதி என்னவென்றால் எண்ணெய் தடவி, ரெட்டைச் சடை, மடித்துக் கட்டி, ரிப்பன். வீட்டில் ஒரு கல்யாணம் என்று லீவு போட்டுப் போனவள், திங்கட்கிழமை காலை நேராகப் பிரேயருக்கு வந்து நின்றாள். தலை முழுக்கச் சுருள். அவ்வளவு அழகாக அவளை நாங்கள் பார்த்ததில்லை. அவளுக்கும் அது தெரிந்திருந்தது, கழுத்தை அசைக்காமல் நின்றாள். மிஸ் அவளை வரிசையிலிருந்து வெளியே கூப்பிட்டார். “இது என்ன கோலம்? ஸ்கூலா, சினிமாவா?” அப்புறம் சுற்றிப் பார்த்து என்னைக் கூப்பிட்டார். ஹாஸ்டலில் எல்லோருக்கும் சடை போட்டுவிடுகிறவள் நான்தான். கையில் நல்ல வேகம் என்று பெயர். “நீ வாடி. இவளுக்கு வாரி ரெட்டைச் சடை போட்டுக் கூட்டிட்டு வா.”

குழாயடியில் உட்கார வைத்தேன். சீப்பைப் போட்டு இழுத்தேன். வெண்ணெயில் இறுகின சுருள் சுலபத்தில் பிரியாது. மேலிருந்து வாரக் கூடாது, நுனியிலிருந்துதான் வார வேண்டும் என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் பிரேயர் நடந்துகொண்டிருக்கிறது, எல்லோரும் பார்க்கிறார்கள். மேலிருந்து இழுத்தேன். அவள் ஒரு சத்தமும் போடவில்லை. சீப்புப் பல்லில் வெண்ணெய் ஏறி, என் விரலெல்லாம் பிசுபிசுத்தது. நான் கையை உதறி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “ச்சீ, நாத்தம்” என்றேன். சிரித்தார்கள். அந்த வாசனையில் நாற்றம் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். வெண்ணெய் வாசம், கொஞ்சம் புகை வாசம். எங்கள் வீட்டு வாசம் மாதிரிதான். சிலோன்காரி என்று என்னைச் சொல்கிறவர்கள் முன்னால் எனக்குக் கீழே ஒருத்தி அன்றைக்குத் தேவைப்பட்டாள், அவ்வளவுதான். அந்தப் பாட்டி எத்தனை மணி நேரம் உட்கார்ந்து போட்டிருப்பார்! நான் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டேன்.

அதனால்தான் ‘வெள்ளைக்காரி வேஷம்’ என்ற வார்த்தை எனக்கு உறைத்தது. இந்த மலையில் சுருளை அவிழ்த்தது வெள்ளைக்காரன் இல்லை. அவன் படம் எடுத்தான், அளந்தான், புத்தகம் போட்டான். சீப்பைப் போட்டு இழுத்தது நாம். எண்ணெய், சடை, ரிப்பன் என்பதை ஒழுக்கம் என்று பெயர் வைத்து, அதற்கு வெளியே இருந்ததையெல்லாம் ‘தலைவிரி கோலம்’ ஆக்கினது நாம். பரட்டை என்றோம், சிக்கு என்றோம், நாத்தம் என்றோம். இன்றைக்கு அதே பள்ளியில் படித்த பெண்கள் கல்யாணத்துக்குச் சுருள் போட என்னிடம் வந்து மூவாயிரம் கொடுக்கிறார்கள். வாங்கிக்கொள்கிறேன். வாங்கும்போது சில நாள் கை பிசுபிசுக்கிற மாதிரி இருக்கும்.

அவளை இப்போதும் பார்ப்பதுண்டு. ஊட்டியில்தான் வேலை செய்கிறாள். அவள் மகள் இப்போது ஆறாவது, ரெட்டைச் சடை, மடித்துக் கட்டின ரிப்பன். லீவுக்கு மந்துக்குப் போனால் சுருள் போடுவார்களாம், ஸ்கூல் திறப்பதற்கு முந்தின நாள் அவளே உட்கார்ந்து நுனியிலிருந்து பொறுமையாகப் பிரித்துவிடுவாளாம். இதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்த்தாளா, அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றியதா, தெரியவில்லை. நான் அந்த திங்கட்கிழமையைப் பற்றி இதுவரை வாயைத் திறந்ததில்லை. அவள் மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதி.

கடைசியாகப் பார்த்தது சேரிங் கிராஸில், தூறலில். காலையில் குன்னூரில் சுருட்டிக்கொண்டு கிளம்பியிருந்தேன். அருவங்காடு தாண்டும்போது பஸ் ஜன்னல் மூடவில்லை, கேத்தியில் பனி இறங்கிவிட்டது. ஊட்டியில் இறங்கும்போது பாதி நேராகிவிட்டது, மீதி எதிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் ஒரு கற்றையை விரலில் எடுத்துச் சுற்றிப் பார்த்தாள். விட்டதும் அது நேராகத் தொங்கியது.

“எத்தனை மணிக்குடி போட்டே?”

“ஆறு மணிக்கு.”

“இப்ப ஒன்பதரை,” என்று சொல்லி அவள் சிரித்தாள்.